வெனிலாப் பூவுக்குக் கல்யாணம்

போன வருஷம் எங்கள் வீட்டு வெனிலாக் கொடியில் 31 பூ மலர்ந்தது. 31-உம் உதிர்ந்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. இந்த வருஷம் 74 பூவைக் கையால் தொட்டோம். 57 காய் பிடித்தது. இடையில் எங்கே தவறினோம், கை எப்படிப் பழகியது என்பதை மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன். வீட்டில் வெனிலா இல்லாதவர்களுக்கும் இதில் பாதியாவது உதவும். நாங்கள் தொடங்கியது செம்பருத்தியிலும் பீர்க்கங்கொடியிலும்தான்.

நான் காரைக்கால் பெண். கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்கு வந்து 15 வருஷம் ஆகிறது. வீடு சேந்த்-ஆந்த்ரேயில். தீவின் கிழக்குப் பக்கம் இது. கடலிலிருந்து வரும் காற்று மலையில் மோதி மழையைக் கொட்டிவிட்டுப் போகும் பக்கம். வெனிலாவுக்கு வேண்டியதும் அதுதான்: ஈரம், அரை நிழல், பற்றி ஏற ஒரு மரம். எங்கள் கொல்லையில் ஒரு தாழை நிற்கிறது, இங்கே வக்குவா என்பார்கள். 4 வருஷம் முன்பு பக்கத்து வீட்டு மெமே தன் கொடியிலிருந்து ஆள் உயரத்துக்கு 3 துண்டு வெட்டிக் கொடுத்து, அந்தத் தாழையின் அடியில் வைத்துக் கட்டச் சொன்னார்.

மெமே என்றால் இங்கே பாட்டி. அவருக்கு 78 வயது. அவருடைய முன்னோர் எங்கள் ஊர்த் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறினார்கள் என்று வீட்டில் சொல்லிவந்திருக்கிறார்கள். பேசுவது கிரியோல், தமிழ் தெரியாது. ஆனால் கறிவேப்பிலையைக் 'கலுபிலே' என்பார், பீர்க்கங்காயைப் 'பிபாங்காய்' என்பார். இந்தத் தீவில் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த இரண்டு சொல்லையும் முதன்முதலாகச் சந்தையில் கேட்ட அன்று நான் கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

போன வருஷம் 31 பூவும் விழுந்ததைச் சொன்னபோது மெமே கேட்டது ஒன்றுதான்: "கல்யாணம் பண்ணி வைத்தாயா?" இளம் வயதில் அவர் பிரா-பனோன் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்கு 'மரியேஸ்' ஆக இருந்தவர். கல்யாணம் செய்துவைப்பவள் என்று அர்த்தம். வெனிலாப் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். கை தேர்ந்தவர்கள் ஒரு காலையில் 1,000 பூவுக்கு மேல் முடித்துவிடுவார்களாம். இப்போது அவர் விரல் மூட்டுகள் வீங்கிப்போய்விட்டன. சொல்லத்தான் முடியும், செய்துகாட்ட முடியாது. அதனால் நாங்கள் அடியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

நாங்கள் என்றால் நானும் என் மகளும். அவளுக்கு 12 வயது. பள்ளியில் பூவின் பாகங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சில் எல்லாவற்றுக்கும் பெயர் தெரியும். "தமிழ்ல என்னம்மா?" என்று கேட்டாள். நான் சனிக்கிழமைகளில் இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று வாயைத் திறந்தேன். புல்லி, அல்லி என்று வந்தது, மகரந்தத்தாள் வந்தது, சூலகம் வந்தது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று பூவில் தொட்டுக் காட்டச் சொன்னதும் விரல் தயங்கியது. பத்தாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஒரு பூவைக்கூடக் கிழித்துப் பார்த்ததில்லை.

அன்று மாலையே ஒரு செம்பருத்தியைப் பறித்து, சவர பிளேடால் நெடுக்காகப் பிளந்தோம். பழகுவதற்கு இதைவிட நல்ல பூ கிடையாது. எல்லாம் பெரிதாக, ஒளிவு மறைவில்லாமல் இருக்கிறது. வெளியே பச்சையாகப் புல்லிவட்டம். அதற்கும் கீழே இன்னொரு சின்னப் பச்சை வட்டம். பிறகு 5 அல்லி இதழ். நடுவே நீண்டு நிற்கும் குழலை இத்தனை நாளும் ஒரே உறுப்பு என்று நினைத்திருந்தேன். பிளந்ததும்தான் தெரிந்தது, அது மகரந்தத்தாள்களின் காம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி உண்டான உறை. அதன் உள்ளே ஊடுருவிக்கொண்டு சூலகத் தண்டு போகிறது. உச்சியில் வெல்வெட் பொட்டு மாதிரி 5 சூலகமுடி. தண்டின் அடியில், இதழ்கள் சேரும் இடத்துக்கு மேலே, சூற்பை. அதைக் குறுக்கே வெட்டினால் 5 அறை. அறைக்குள் வெள்ளை மணிகளாகச் சூல்கள்.

"சூல்னா?" என்றாள். ஊரிலிருந்து எங்களோடு வந்து இருக்கும் அத்தை திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், தலை தூக்காமலே சொன்னார்: "மழை மேகம் சூல் கொண்டிருக்குன்னு சொல்லுவோம். மாடு சினையா இருக்கிற மாதிரி. உள்ள உசிரு வச்சிருக்கிறது சூலு." பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்காத அளவுக்கு அந்த ஒரு சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மகரந்தம் தொடாத சூல் விதையாகாது. சூற்பைதான் காய் ஆகும், சூல்தான் விதை ஆகும்.

ஆனால் செம்பருத்திக் காய் பார்த்திருக்கிறீர்களா? வீட்டுச் செம்பருத்தி காய்ப்பது மிக அபூர்வம். போத்து வெட்டி நட்டே தலைமுறை தலைமுறையாக வளர்த்த கலப்பினங்கள் அவை. எல்லா உறுப்பும் கண்ணுக்கு நேரே இருந்தும் காய் பிடிப்பதில்லை. அதனால் அடுத்த பயிற்சிக்குக் காய்ப்பதொன்று வேண்டியிருந்தது.

பீர்க்கங்கொடி தயாராக இருந்தது. அதிலும் சிக்கல்தான்: பிஞ்சோடு மலர்ந்த பூக்கள் இரண்டு நாளில் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன. பீர்க்கில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, இரண்டும் ஒரே கொடியில். ஆண்பூ கொத்தாக நீண்ட காம்பில் வரும். பெண்பூவைக் கண்டுபிடிக்கப் பூவைப் பார்க்க வேண்டியதே இல்லை, அதன் கீழே பாருங்கள்: வரிவரியாக விரல் நீளத்துக்கு ஒரு குட்டிப் பீர்க்கங்காய் இருக்கும். அதுதான் சூற்பை. செம்பருத்தியில் இதழுக்கு மேலே இருந்தது இங்கே இதழுக்குக் கீழே இருக்கிறது. இந்த வேறுபாட்டை நன்றாக மனதில் வையுங்கள், வெனிலாவில் இதுதான் கைகொடுக்கும்.

பீர்க்கம்பூ மாலையில் மலர்வது. ஐந்து மணிக்கு மேல் போனால் மஞ்சள் மஞ்சளாக விரியும், இரவு பூச்சிகள் வரும். எங்கள் பக்கம் அந்த வாரம் முழுக்கச் சாயங்கால மழை. பூச்சி எங்கே வரும்? அத்தை சொன்னபடி ஆண்பூவைப் பறித்து, இதழைப் பின்னால் மடக்கி, பெண்பூவின் சூலகமுடியில் மெல்ல ஒற்றினோம். 6 பூவுக்குச் செய்ததில் 5 காய் பிடித்தது. தொடாமல் விட்ட பூக்கள் வழக்கம்போல் கொட்டின. மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

செம்பருத்தி ஒன்று, பீர்க்கு ஒன்று என்று பார்த்தவுடன் சாமந்தியையும் பிளக்கப் போனாள். கோயிலுக்கு மாலை கட்ட வாங்கிவைத்திருந்தது. அதில் புல்லி எங்கே, சூல் எங்கே என்று தேடித் தேடிக் குழம்பிவிட்டாள். சாமந்தி ஒற்றைப் பூவே இல்லை. நாம் இதழ் என்று பிய்ப்பது ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. அடியில் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு சூற்பை உண்டு. இத்தனை வருஷம் மாலை கட்டிய கைக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது.

இனி வெனிலா.

கொடி தானாகப் பூத்துவிடவில்லை. மேலே ஏறிக்கொண்டே போனால் பூக்காது என்று மெமே சொன்னதால், ஏறிய கொடியை வளைத்து மடக்கி மறுபடி கீழே தொங்கவிட்டிருந்தோம். ஜூன் கடைசியில் தொங்கும் நுனிகளைக் கிள்ளினோம். ஜூலை, ஆகஸ்ட் இங்கே குளிர்காலம், மழையும் சற்று ஓயும். அந்த வாட்டம் கொடிக்கு வேண்டும். செப்டம்பரில் இலைக் கக்கங்களில் முட்டு முட்டாகக் கொத்துகள் வந்தன. எண்ணினேன்: 9 கொத்து. கொத்தை இங்கே 'பலே' என்கிறார்கள், துடைப்பம் என்று பொருள். காய் பிடித்துத் தொங்கும்போது பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். ஒரு கொத்தில் 15, 20 மொட்டு இருக்கும். எல்லாம் ஒரே நாளில் மலராது. அடியிலிருந்து நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு.

அக்டோபர் 9-ஆம் தேதி முதல் பூ. விடியும்போது விரிந்திருந்தது. வெளிர் பச்சை கலந்த மஞ்சள், மெழுகுபோல் இதழ். 3 புல்லி, 3 அல்லி, ஆனால் புல்லியும் அல்லியும் ஒரே நிறம், ஒரே சாயல். அல்லியில் ஒன்று மட்டும் குழலாகச் சுருண்டிருக்கிறது. அதற்கு உதடு என்று பெயர். பீர்க்கில் கிடைத்த தைரியத்தில் ஒரு சின்ன ஓவியத் தூரிகையை உதட்டுக்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றினேன். மறுநாள் காலை பூ தரையில் கிடந்தது. 10-ஆம் தேதியும் அதே. 11-ஆம் தேதி இரண்டு பூ, அதே.

நாலு பூ போன பிறகுதான் புத்தி வந்தது. ஐந்தாவது பூவைப் பறித்து மேசையில் வைத்து, உதட்டைப் பிளேடால் கீறி விரித்தோம். மகளின் பள்ளி உருப்பெருக்கி இருந்தது. உதட்டின் உட்புறம் நடுவில் தூரிகை மயிர்போல ஒரு குச்சம். நடுவில் ஒரு தூண், பாதித் தீக்குச்சி நீளம். மகரந்தத்தாளைத் தேடினோம், இல்லை. சூலகத் தண்டைத் தேடினோம், அதுவும் இல்லை. இரண்டும் ஒட்டி ஒரே தூணாக நிற்கிறது. தூணின் உச்சியில் தொப்பிபோல மகரந்தப்பை. உள்ளே மகரந்தம் பொடியாக இல்லை, வெளிர் மஞ்சளாக ஒட்டும் திரளாக இருக்கிறது. தூரிகை எதையும் எடுத்திருக்காது என்று அப்போதே புரிந்தது. அதற்குச் சற்றுக் கீழே சூலகமுடி, பிசுபிசுப்பான ஒரு குழி. இரண்டுக்கும் இடையில் நகக்கண் அளவுகூட இடைவெளி இல்லை. அத்தனை பக்கத்தில்!

ஆனால் நடுவே ஒரு மடல் தொங்குகிறது. குழிக்கு மேல் கதவுபோல. தாவரவியலில் இதற்கு ரொஸ்டெல்லம், சின்ன அலகு என்று பெயர். இந்த மடல் இருக்கும்வரை பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. தாய்நாடான மெக்சிகோவின் காடுகளில் ஏதாவதொரு தேனீ உதட்டுக்குள் நுழைந்து, வெளியேறும்போது முதுகில் திரளை ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போக வேண்டும். கொடுக்கில்லாத மெலிபோனா என்னும் தேனீதான் அது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இப்போது ஆர்க்கிட் பூக்களை நாடும், பச்சையாய் மினுக்கும் யூக்ளாசா வகைத் தேனீயே இதைச் செய்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எதுவானாலும் இந்தத் தீவில் அவை இல்லை. மெக்சிகோவிலேயே தானாகக் காய் பிடிப்பது நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான்.

இங்கே எட்மோனைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1820-களின் தொடக்கத்தில் இந்தத் தீவுக்கு வெனிலா வந்தது, பூத்தது, காய்க்கவில்லை. 1836-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் சார்ல் மோரன் என்ற தாவரவியலாளர் கண்ணாடி வீட்டுக்குள் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் எடுத்துக்காட்டினார். ஆனால் தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் விரைவாகச் செய்யும் வழியை உலகத்துக்குக் கொடுத்தவன் எங்கள் பக்கத்து ஊரான சேந்த்-சுஸானில் 1829-இல் அடிமையாகப் பிறந்த எட்மோன். 1841-இல், அவனுக்கு வயது 12. ஃபெரியோல் பெலியே-போமோன் என்ற நிலக்காரரின் தோட்டத்தில் இருந்தான். பூசணி வகையைச் சேர்ந்த ஒரு கொடியில் ஆண்பூவைப் பெண்பூவோடு சேர்க்க அவர் அவனுக்குக் காட்டியிருந்தார். அதை வைத்துக்கொண்டு அவன் வெனிலாப் பூவைத் தானே பிரித்துப் பார்த்திருக்கிறான், நடுவிலிருந்த மடலைக் கண்டிருக்கிறான், ஒரு குச்சியால் அதைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலால் மேலிருந்ததைக் கீழே அழுத்தியிருக்கிறான். அவ்வளவுதான். இன்றைக்கும் உலகம் முழுவதும் வெனிலா அப்படித்தான் காய்க்கிறது.

இதைப் படித்துச் சொன்னபோது மகள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவனும் முதல்ல பீர்க்கு மாதிரி ஒண்ணுலதான் பழகினானா?" என்று மட்டும் கேட்டாள். 1848 டிசம்பர் 20-இல் இங்கே அடிமைமுறை ஒழிந்த பிறகுதான் அவனுக்கு அல்பியுஸ் என்ற குடும்பப் பெயரே கிடைத்தது. கண்டுபிடித்தது தானே என்று ரிஷார் என்ற தாவரவியலாளர் உரிமை கோரியபோது, பெலியே-போமோன் எழுத்து மூலம் எட்மோனுக்காக நின்றார். ஆனாலும் இந்தத் தீவைச் செழிக்கவைத்த எட்மோன் 1880-இல் சேந்த்-சுஸானில் ஏழையாகவே இறந்தார். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். கருவி: மெமே எலுமிச்சை முள் போதும் என்றார். நாங்கள் எலுமிச்சை முள், மூங்கில் சீவல், பல் குத்தும் குச்சி மூன்றையும் முயன்றோம். பல்குச்சியின் முனை சீக்கிரம் நைந்து மடலைக் கிழிக்கிறது. முள் நன்றாக இருந்தது, ஆனால் கூர் அதிகம், இரண்டு பூவில் தூணையே குத்திவிட்டேன். மூங்கிலைத் தீக்குச்சி பருமனுக்குச் சீவி, முனையைக் கல்லில் தேய்த்துக் கொஞ்சம் மழுக்கிக்கொண்டதுதான் கடைசிவரை நிலைத்தது.

இடது கையால் பூவைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும், நடுவிரலில் தூணின் முதுகு சாய்ந்திருக்கட்டும். வலது கைக் குச்சியால் உதட்டை மேலிருந்து கீழாக ஒரே கீறல். உதடு விலகித் தூண் தெரியும். குச்சி முனையை மடலின் அடியில் கொடுத்து மேல்நோக்கித் தள்ள, மடல் மகரந்தப்பைக்கு உட்புறமாக மடிந்துகொள்ளும். அந்த நிலையில் இடது கட்டைவிரலால் மகரந்தப்பையைக் கீழே, குழியை நோக்கி, மெல்ல அழுத்த வேண்டும். குச்சியை உருவி, விரலை எடுக்க வேண்டும். திரள் குழியில் ஒட்டியிருக்கும். இவ்வளவும் படிக்க எடுத்த நேரத்தில் மெமே ஐந்து பூவை முடித்திருப்பார்.

12-ஆம் தேதி நான் செய்த பூ விழுந்தது. அழுத்தியது அதிகம், தொப்பி கழன்று திரள் விரலோடு வந்துவிட்டது. 13-ஆம் தேதிப் பூவும் விழுந்தது, மடல் முழுதாக மேலே போகவில்லை. 14-ஆம் தேதி இரண்டு பூ. ஒன்றை நான் எடுத்தேன், இன்னொன்றை அவள் கேட்டாள். அக்டோபர் விடுமுறை, பள்ளிக்குப் போகும் அவசரம் இல்லை. அவள் விரல் மெல்லியது, நிதானமும் என்னைவிட அதிகம். குச்சியை உள்ளே விட்டவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "தூக்கிருச்சும்மா, பாருங்க" என்றாள். மறுநாள் என் பூ தரையில். அவளுடையது கொடியில்.

காய் பிடித்ததா என்று எப்படித் தெரியும்? தமிழில் பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு நிலை உண்டு. சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு ராகம் போட்டுச் சொல்லிக்கொடுப்பேன். வீ என்றால் உதிர்ந்த பூ, செம்மல் என்றால் வாடிய பூ. வெனிலா விடியலில் அலர்ந்து மதியத்துக்குள் துவள ஆரம்பித்துவிடுகிறது. அதன் பிறகு இரண்டு வழி. மகரந்தம் சேராவிட்டால் ஓரிரு நாளில் வீ. சேர்ந்துவிட்டால் அது உதிர்வதில்லை. காய்ந்து சருகான பூ பிஞ்சின் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு செம்மலாக நிற்கும். "வீயா செம்மலா?" என்று கேட்டுக்கொண்டே காலையில் கொல்லைக்குப் போவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. மனப்பாடமாகக் கிடந்த இரண்டு சொல்லுக்கு இத்தனை வேலை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

நேரத்தைப் பற்றி ஒன்று. ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டு இரண்டு மணிக்குத் திரும்பி வந்து அவசரமாக 3 பூவைத் தொட்டேன். மூன்றும் போயிற்று. மதியத்துக்குப் பிறகு அந்தக் குழியின் பிசுபிசுப்பும் இல்லை, இதழும் துவண்டு கையில் நசுங்குகிறது. 6 மணியிலிருந்து 10 மணிக்குள் முடிப்பது நல்லது. மழையில் நனைந்த பூவையும் தொட வேண்டாம், திரள் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. தூறல் நாட்களில் கொத்துக்கு மேல் ஒரு வாழை இலையைக் கட்டிவைத்தோம், அது உதவியது.

வேறு பூவிலிருந்து மகரந்தம் கொண்டுவர வேண்டாமா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தேவையில்லை. வெனிலா தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும், மடல் ஒன்றுதான் தடை. தவிர, இங்குள்ள கொடிகள் எல்லாம் துண்டு வெட்டி நட்டுப் பரவியவை, ஏறக்குறைய ஒரே கொடியின் பிள்ளைகள். என் கொடியும் மெமேயின் கொடியும் இரண்டல்ல, ஒன்றேதான்.

இப்போது சூற்பை. பீர்க்கில் பூவுக்குக் கீழே குட்டிக்காய் இருந்ததே, வெனிலாவிலும் அப்படித்தான். பூவின் காம்பு என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருந்த பச்சைத் தண்டுதான் சூற்பை, அதுதான் நாளைக்கு வெனிலாக் காய். உதிர்ந்த பூவிலிருந்து ஒன்றைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் வைத்தோம். ஒரே அறை, சுவரில் 3 இடத்தில் மேடு. செம்பருத்தியில் பார்த்ததுபோல வெள்ளை மணிகளைத் தேடினோம், காணவில்லை. இரண்டு, மூன்று வெட்டிப் பார்த்தும் காணவில்லை. மகள் முகம் வாடிவிட்டது. தேடிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது: வெனிலா ஓர் ஆர்க்கிட், அந்தக் குடும்பத்தில் பூ மலரும் நேரத்தில் சூல்கள் முழுதாக உருவாகியே இருக்காது. மகரந்தம் வந்து ஒட்டியது என்ற சேதி கிடைத்த பிறகுதான் சூற்பை சூல்களைத் தயார்செய்ய ஆரம்பிக்கிறது. மகரந்தத்திலிருந்து முளைக்கும் மகரந்தக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் தூணுக்குள் இறங்கி வந்து காத்திருக்கின்றன. ஆக, மகரந்தச் சேர்க்கை வேறு, கருவுறுதல் வேறு. நடுவே வாரக்கணக்கில் இடைவெளி. நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் வீடு கட்டுகிற மாதிரி என்று அத்தை சொன்னார்.

கருவுறுதலிலும் ஒரு விசேஷம் உண்டு. பூக்கும் தாவரங்களில் ஒவ்வொரு மகரந்தக் குழாயும் இரண்டு ஆண் செல்களைக் கொண்டுபோகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கரு ஆகிறது. மற்றொன்று நடுவிலிருக்கும் துருவ உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசையாகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-இல் லில்லிப் பூவில் கண்டு சொன்னவர் செர்கேய் நவாஷின். நாம் தின்னும் அரிசியில் பெரும்பகுதி அந்த முளைசூழ்தசைதான். தேங்காய்ப் பருப்பும் அதுவே, இளநீரும் அதுவே. பிள்ளைக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் சோறு. ஆர்க்கிட் விதைக்கு அந்தச் சோற்று மூட்டை இல்லை. அதனால்தான் விதை தூசியாக இருக்கிறது, மண்ணில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கிறது. வெனிலா ஐஸ்கிரீமில் கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறதே, அதுதான் அந்த விதை.

அக்டோபர் 20-க்குப் பிறகு என் கையும் பழகிவிட்டது. நவம்பர் 15-இல் கடைசிப் பூ. 38 காலைகள். ஒரு கொத்தில் 8 காய்க்கு மேல் விடக் கூடாது என்று மெமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மிஞ்சினால் காய் சிறுத்துப் போகும், கொடியும் அடுத்த வருஷம் படுத்துவிடும். அதனால் மீதிப் பூக்களைத் தொடாமல் உதிரவிட்டோம். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது, போன வருஷம் ஒன்றுக்கு ஏங்கியவள் அல்லவா. கொத்தின் அடிப்பக்கம் பார்த்திருக்கும் பூவைத் தேர்ந்தெடுத்தால் காய் நேராகத் தொங்கும் என்பதும் அவர் சொன்னதுதான். மேல்பக்கப் பூவில் பிடித்த இரண்டு காய் வளைந்துபோனபோது அதன் அர்த்தம் புரிந்தது.

தொட்டதில் தவறியது மொத்தம் 17. அதில் 14 என்னுடையது, 3 அவளுடையது. பிடித்த காய்களில் ஒன்றை அவள் அளந்துகொண்டே வந்தாள். பூத்த அன்று 4.5 செ.மீ., பத்தாம் நாள் 8, ஆறாவது வாரம் 17. அதற்குமேல் நீளவில்லை; முதிர்வதற்கு மட்டும் மொத்தம் 9 மாதம் எடுத்துக்கொள்ளும். ஜனவரியில் பலத்த காற்றில் ஒரு காய் ஒடிந்தது. அழுகையோடு அதை வெட்டினோம். உள்ளே அந்த 3 மேட்டிலும் கசகசாவைவிடப் பொடியாக மணிகள், சில வெளிறி, சில பழுப்பேறி, எண்ணவே முடியாத அளவுக்கு. அவள் அழுகையை நிறுத்திவிட்டு உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டாள். பிறகு இன்னும் 4 காய் தானாக விழுந்தது. இப்போது கொடியில் இருப்பவை 52.

இனி இருக்கும் வேலை வேறு வகை. ஜூலை வாக்கில் நுனி மஞ்சளிக்கும்போது ஒவ்வொன்றாகப் பறித்து, 63 டிகிரி வெந்நீரில் 3 நிமிடம் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, வெயில், நிழல், பெட்டி என்று மாதக்கணக்கில் பாடம் செய்ய வேண்டும். பச்சைக் காய்க்கு வாசனையே கிடையாது. அதை நடந்தபின் எழுதுகிறேன்.

போன வாரம் மெமே ஒரு பழைய தக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கணவருடையது. வெனிலாக்காய் திருட்டுப் போகும் பொருள் என்பதால், பச்சையாக இருக்கும்போதே தக்கையில் ஊசி செருகித் தங்கள் குறியைக் காயில் குத்திவைப்பது இங்கே வழக்கம். காய்ந்து கறுத்த பிறகும் தழும்பு தெரியும். பழைய ஊசிகள் துருப்பிடித்திருந்தன, பிடுங்கிவிட்டுப் புதுக் குண்டூசி செருகினோம். 'பூ' என்று குத்த வேண்டும் என்றாள் மகள். வளைவும் சுழியும் புள்ளிக்கு அடங்கவில்லை. கடைசியில் சுழியை விட்டு, நேர்க்கோட்டில் வரும் 'ப' மட்டும், 7 ஊசி. தோலுக்கு மேல் ஒரே ஒரு அழுத்து, ஆழமாகப் போகக் கூடாது. 52 காயிலும் அவளே குத்தினாள்.